முதலில் மேசையை அறுங்கள்

கை வலிக்கிறது என்று சொன்னால் இப்போதெல்லாம் யாரும் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. "எர்கோ கீபோர்டு ஒண்ணு வாங்கிரு, வயர்லெஸ்ஸா பாத்து வாங்கு" என்கிறார்கள். சொல்லிவிட்டு ஒரு வீடியோவையும் அனுப்புகிறார்கள். அதில் ஒருவர் ஒரு செடி, ஒரு காபிக் கோப்பை, நடுவில் வளைந்து பிளந்த ஒரு கீபோர்டு என்று மேசையை அலங்கரித்துவைத்து, தன் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொல்வார். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்ன உயரம், மேசை என்ன உயரம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டுகிறார் என்பதெல்லாம் கடைசிவரை வராது. வலி என்பது நம்மிடம் இல்லாத ஒரு பொருள், வாங்கிவிட்டால் போய்விடும். இதுதான் அந்த வீடியோக்கள் அத்தனையும் சொல்லும் ஒரே செய்தி.

இந்தச் செய்தி பொய் என்று சொல்ல வரவில்லை. வரிசை தப்பு என்கிறேன். அந்தத் தப்பான வரிசையால் லாபம் யாருக்கு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன்.

நானும் வாங்கினேன். ராஜபாளையத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு வரை டேலி, எக்ஸெல், இன்வாய்ஸ். வீட்டுக்கு வந்தால் இரண்டு மணி நேரமாவது தமிழில் எழுதுவேன். வலது மணிக்கட்டில் தொடங்கிய வலி தோள்வரை ஏறியபோது, 18,000 ரூபாய் சம்பளத்தில் 11,000 ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கினேன். நடுவில் பிரிந்து, மேலே குவிந்து, முன்னால் உள்ளங்கைக்கு மெத்தை வைத்தது. வயர் இல்லாதது. மூன்று மாதம் அதோடு வாழ்ந்தேன். மணிக்கட்டு கொஞ்சம் தேவலை. தோள் அப்படியே.

விஷயத்தைச் சொன்னவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் செய்யும் ஒரு அக்கா. விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அதனால் அந்தத் தெருக்களில் அஃபிடவிட், பெட்டிஷன், வக்காலத்து, பத்திர நகல் என்று நாள் முழுக்க யாராவது எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு குடும்பப் பத்திர விஷயமாகப் போயிருந்தேன். கூட்டம். "உனக்கு டைப்பிங் தெரியும்ல, இதுல நீயே திருத்திக்கோ" என்று பக்கத்து சிஸ்டத்தைக் காட்டினார். நாலு வரி அடித்திருப்பேன்.

"தம்பி, ஏன் தோளத் தூக்கிட்டு அடிக்கிற?"

"தூக்கலையேக்கா."

"தூக்கித்தான் வச்சிருக்க. ஆபீஸ்ல டேபிள் ஒசரமோ? எறக்கி வை. எறக்கலைன்னா எந்தக் கீபோர்டு வாங்கிப் போட்டாலும் ஒனக்கு வலி போகாது."

அவர் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தட்டுகிறவர். அவரிடம் இருந்தது கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணமான வயர் கீபோர்டு. பாதி விசைகளில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

அன்று இரவு டேப் எடுத்து அளந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, கையை மடக்கினால் என் முழங்கை தரையிலிருந்து 63 செ.மீ. ஆபீஸ் மேசை 76 செ.மீ. அதன்மேல் கீபோர்டின் கனம் வேறு. ஆக, இருக்க வேண்டிய இடத்துக்குப் பதினைந்து செ.மீ. மேலே என் கை ஒன்பது மணி நேரம் மிதந்துகொண்டிருந்தது. மிதக்கவைத்தது தோள். அந்தத் தோளுக்குத்தான் 11,000 ரூபாய்க்கு மணிக்கட்டு மெத்தை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

*

ஒரு எர்கோ கீபோர்டு உண்மையில் என்ன செய்கிறது? மர்மம் ஒன்றும் இல்லை. சாதாரண கீபோர்டில் கையை வைத்தால் மணிக்கட்டில் மூன்று கோணல்கள் வரும். ஒன்று, இரண்டு கைகளும் நடுவில் நெருங்கி வருவதால் உள்ளங்கை சுண்டுவிரல் பக்கமாக ஒடிகிறது. இரண்டு, கீபோர்டு உயரமாக இருந்தால் கை மேல்நோக்கி வளைகிறது. மூன்று, உள்ளங்கை முழுக்கத் தரையைப் பார்க்கும்படி முன்கை திருகிக்கொள்கிறது. கீபோர்டை இரண்டாகப் பிரிப்பது முதல் கோணலுக்கு மருந்து. பின்பக்கத்தைவிட முன்பக்கத்தைத் தூக்கி, விசைகள் நம்மைவிட்டு விலகிச் சரியும்படி வைப்பது இரண்டாவதற்கு. நடுவைக் கூடாரம்போல் உயர்த்துவது மூன்றாவதற்கு. அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் வந்த கினேசிஸ், 1994இல் வந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல், 2020இல் வந்த லாஜிடெக் எர்கோ கே860 எல்லாமே இந்த மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தவை.

இரண்டாவது கோணலுக்குச் செலவே இல்லாத ஒரு மருந்து உண்டு. உங்கள் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு மடக்குக் கால்கள் இருக்கும். நம் ஊரில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்தக் கால்களை நிமிர்த்தித்தான் வைத்திருப்பார்கள், எதோ அப்படித்தான் வைக்க வேண்டும் என்பதுபோல. அது மணிக்கட்டை இன்னும் மேலே வளைக்கும். மடக்கி விடுங்கள். இதைச் சொல்ல எந்த வீடியோவுக்கும் கமிஷன் கிடைக்காது.

பலன் உண்டா என்றால், உண்டு. 1999இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. ஏற்கெனவே கைவலி இருந்த 80 பேருக்கு நான்கு வகைக் கீபோர்டுகளைப் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். பிளந்து வளைந்த வகையைப் பயன்படுத்தியவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் அந்த வேறுபாடு உடனே தெரியவில்லை, ஆறு மாதத்தின் முடிவில்தான் தெரிந்தது. மூன்று நாளில் வாழ்க்கை மாறிவிட்டது என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு ஆய்வு கீபோர்டு விற்பவர்களுக்கு இன்னும் சங்கடமானது. டென்மார்க்கில் ஏறக்குறைய 7,000 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் என்றதும் எல்லோரும் பயப்படும் கார்ப்பல் டனல் அறிகுறிகளுக்கும் கீபோர்டு தட்டும் நேரத்துக்கும் அவர்களால் தொடர்பு காண முடியவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸைப் பிடிப்பவர்களிடம்தான் தொடர்பு தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். அகலமான எர்கோ கீபோர்டு, வலது ஓரத்தில் நம்பர் பேடு, அதற்கும் அப்பால் மவுஸ். கையை மொத்தமாக வெளியே நீட்டி ஒன்பது மணி நேரம். கீபோர்டு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு தூரம் மவுஸ் தள்ளிப் போகிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

*

மேசைக்கு வருகிறேன். இந்த உயரம் எங்கிருந்து வந்தது?

பேனாவால் எழுதுவதற்கு மேசை கொஞ்சம் உயரமாக இருக்கலாம், முன்கையை அதன்மேல் ஊன்றித்தான் எழுதுகிறோம். 75, 76 செ.மீ. என்பது அந்தக் கணக்கு. டைப்ரைட்டர் வந்தபோது இது சரிப்படாது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருந்தது. மெஷினே உயரமானது, அதைப் பேனா மேசையில் தூக்கிவைத்தால் விசைகள் நெஞ்சுக்கு வந்துவிடும். அதனால் டைப்ரைட்டருக்கென்று தாழ்வான மேசை செய்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு அந்தக் குட்டி மேசை ஞாபகம் இருக்கும். "மணிக்கட்டு மெஷின்ல படக் கூடாது, முதுக நிமித்து" என்று ஸ்கேலோடு சுற்றி வந்த சாரையும் மறந்திருக்க மாட்டீர்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 என்று ஓடிய அந்த இடத்தில் எர்கோனாமிக்ஸ் என்ற சொல்லே கிடையாது. விஷயம் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அப்போதும் கம்ப்யூட்டர் டேபிள் என்று ஒன்று செய்தார்கள். மேலே மானிட்டர், கீழே சிபியு, நடுவில் இழுத்தால் வெளியே வரும் கீபோர்டுப் பலகை. ஒட்டுப்பலகையில் செய்த அழகில்லாத சாமான்தான். ஆனால் அந்த இழுப்புப் பலகை பெரும்பாலும் முழங்கைக்குச் சரியான உயரத்தில் இருந்தது. லேப்டாப் வந்ததும் அதைத் தூக்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டோம். லேப்டாப்பைப் பேனா மேசையில் வைத்தோம். திரையைப் பார்க்கக் கழுத்தைக் குனி, விசையைத் தொடத் தோளைத் தூக்கு. ஒரே சாமானில் இரண்டு தண்டனை. இதற்குப் பேர் முன்னேற்றம்.

சராசரி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது இன்னும் மோசம். ஐந்தடி உயரமுள்ளவர் கால் தரையில் படும்படி உட்கார்ந்தால் முழங்கை 60 செ.மீ. பக்கம்தான் இருக்கும். நான் பார்த்த டைப்பிங் கடைகளிலும் மில் ஆபீஸ்களிலும் பேண்டேஜ் துணி ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேசையை ஆர்டர் கொடுத்தவர் அவர்களில் ஒருவர் இல்லை.

நாற்காலியை ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். ஏற்றலாம். கால் தொங்கும். தொடைக்கு அடியில் சீட் அழுத்தும், சாயங்காலம் கால் வீங்கும். அப்போது காலுக்கு ஒரு பலகை வேண்டும். அதை வைத்தால் சரி. ஆனால் அந்தப் பலகையை நீங்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருக்கும்.

*

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழில் எழுதுகிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். கீபோர்டின் வடிவத்துக்கு இவ்வளவு செலவழிக்கும் நாம், அதில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று ஏன் யோசிப்பதில்லை?

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரில் 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறீர்கள். நானும் பத்து வருஷம் அப்படித்தான். ஒலிபெயர்ப்பு முறையில் 'வருத்தம்' என்று எழுத நான் பத்துத் தட்டு தட்டுவேன். தமிழ்99இல் ஏழு. 'தங்கம்' ஒலிபெயர்ப்பில் ஏழு, தமிழ்99இல் ஐந்து. எங்கள் ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம்: பதினான்குக்குப் பத்து. ஸ்ரீவில்லிபுத்தூர்: பதினெட்டுக்குப் பதின்மூன்று. ஜ, ஸ்ரீ இரண்டுக்கும் தமிழ்99இலும் ஷிஃப்ட் அமுக்க வேண்டும், மறைக்கவில்லை. ஆனால் ஒலிபெயர்ப்பில் ள, ண, ற என்று சாதாரணச் சொல்லுக்கே சுண்டுவிரல் ஷிஃப்டுக்கு ஓடும். பரிந்துரைப் பட்டியல் வரும் செயலிகளில் தட்டு குறையும் என்பீர்கள். குறையும். பதிலுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் கண் பட்டியலுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

தமிழ்99 வானத்திலிருந்து விழவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் பேசி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய்யில் மிகப் பெரும்பாலானவை வலது கைக்கு. தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தானே வருகின்றன? அதனால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு கை தட்டும்போது இன்னொன்று ஓய்கிறது. க, ப, ம, த, ந, ய எல்லாம் விரல் இயல்பாகப் படும் நடு வரிசையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழுகிறது. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட தட்டினாலும் அப்படியே. தமிழின் இயல்பை வைத்தே உழைப்பைக் குறைத்திருக்கிறார்கள். இதைவிட ஒரு தமிழ் எர்கோனாமிக்ஸ் எனக்குத் தெரியவில்லை. விண்டோஸில் 2019 முதல் இது உள்ளேயே இருக்கிறது. விலை பூஜ்யம். இரண்டு மூன்று வாரம் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு சொல்லியாக வேண்டும். இன்ஸ்டிடியூட்டில் பழைய டைப்ரைட்டர் முறை படித்தவர், டிடிபி கடையில் பாமினி பழகியவர் யாரையும் தமிழ்99க்கு மாறச் சொல்ல மாட்டேன். கோர்ட் எதிரே இருக்கும் அக்கா பழைய முறையில்தான் தட்டுகிறார். பார்க்காமல், பேசிக்கொண்டே, பிழையில்லாமல். அந்தக் கைப்பழக்கம் எந்தப் புதிய அமைப்பையும்விடப் பெரிய சொத்து. நான் பேசுவது ஆங்கில எழுத்து வழியாகத் தமிழைக் கடத்திக்கொண்டிருக்கும் நம்மைப் பற்றி. கதை எழுதுகிறோம், நாவல் எழுதுகிறோம், இருபது வருஷம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொள்கிறோம். இருபது வருஷத்துக்கு நான்கில் ஒரு பங்கு தட்டு மிச்சம் என்றால் அது எந்தப் பிளந்த கீபோர்டும் தர முடியாதது.

*

இந்த இடத்தில் எங்கள் ஊரில் ஒரு குரல் கட்டாயம் எழும். எனக்கும் எழுந்தது. "ஏசி ரூம்ல ஒக்காந்து பட்டனத் தட்டுறதுக்கு வலியா? மில்லுல எட்டு மணி நேரம் நிக்கிறவன் என்னடா சொல்லுவான்?"

1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நூல் மில்லை நம்பி வாழும் ஊர். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு. எல்லாம் உடம்பைக் கேட்கும் வேலை. அவர்களுக்கு முன்னால் மணிக்கட்டைக் காட்ட வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் யார் என்று பாருங்கள். மில்லில் நிற்கிறவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்வது பெரும்பாலும் சூப்பர்வைசர், முதலாளி, முதலாளிக்கு வேண்டிய சித்தப்பா. நிற்கிறவருக்கு ஸ்டூல் கேட்டால் "வெயில்ல வேல பாக்குறவன நெனச்சுப் பாரு" என்று சொல்லப்போகிறவரும் இவர்தான். வெயிலில் நிற்கிறவர் குடை கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அதோடு, கைவேலைக்காரர்களை இவர்கள் சரியாகப் பார்த்ததும் இல்லை. குழித்தறியைப் பாருங்கள். மிதி கீழே குழிக்குள், நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொள்கிறார். கைக்கு எட்டும் உயரத்தில் பா. பால்கோவா கிண்டுகிறவர் துடுப்பின் நீளத்தைத் தன் கைக்கும் அடுப்பின் சூட்டுக்கும் தக்கபடிதான் வைத்துக்கொள்வார். அரிவாளுக்குப் பிடி போடுகிறவர் வாங்க வந்தவரின் கையைப் பார்ப்பார். கருவியை உடம்புக்குத் தக்கபடி வெட்டுவது நம் ஊர்த் தொழிலாளிக்குத் தெரிந்த பழைய விஷயம். நாற்பது மேசையை ஒரே உயரத்தில் ஆர்டர் கொடுத்து, அதற்குத் தக்கபடி நாற்பது உடம்பை வளைத்துக்கொள்ளச் சொல்வதுதான் புதுசு.

*

அப்படியென்றால் யார் காசு கொடுப்பது? எர்கோ கீபோர்டு வியாபாரம் சாமர்த்தியமாகத் தாண்டிப் போகும் கேள்வி இதுதான்.

1980களில் ஆஸ்திரேலியாவில் தொலைபேசித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் கீபோர்டு தட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கைவலி என்று புகார் கொடுத்தார்கள். பொய் சொல்கிறார்கள், மனப்பிரமை என்று ஒரு பக்கம் கேலி. இன்னொரு பக்கம் அங்கே வாதம் நடந்தது, வேலை நேரம் பற்றி, இடைவேளை பற்றி, மேசை நாற்காலி பற்றி. 1990இல் ஐரோப்பியச் சமூகம் திரை முன் வேலை செய்பவர்களுக்காக ஒரு ஆணையே போட்டது. கீபோர்டு திரையிலிருந்து பிரிந்து இருக்க வேண்டும், சாய்க்க முடிய வேண்டும், அதற்கு முன்னால் கை வைக்க இடம் இருக்க வேண்டும், நாற்காலியின் உயரத்தை மாற்ற முடிய வேண்டும், கேட்பவருக்குக் கால்பலகை கொடுக்க வேண்டும், இடையிடையே வேலையை நிறுத்தவோ மாற்றவோ வழி வேண்டும். எல்லாம் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி ஆன்லைனில் தேடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் இல்லை.

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களை மனதில் வைத்துச் செய்தது. நல்ல காரியம். இருக்கை வந்தது, அது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அடுத்த கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. நாம்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக நாம் கார்ட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் வலியைத் தன் சம்பளத்தில் தனியாகத் தீர்த்துக்கொண்டால், மேசை ஆர்டர் கொடுத்தவருக்குத் தொந்தரவே கிடையாது. அவருக்கு அந்தக் கீபோர்டு விளம்பரம் ஒரு வரம்.

*

சரி, கீபோர்டு வாங்கவே கூடாதா? வாங்கலாம். வரிசையாக வாருங்கள்.

முதலில் அளவு எடுங்கள். முழங்கை உயரமும் விசைகளின் உயரமும் ஒன்றாக வர வேண்டும். மேசையைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், முடியாவிட்டால் இழுப்புப் பலகை, அதுவும் முடியாவிட்டால் நாற்காலியை ஏற்றிக் காலுக்குப் பலகை. லேப்டாப் என்றால் அதைப் புத்தகங்களின்மேல் ஏற்றிவிட்டு, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும். 500 ரூபாய்க் கீபோர்டே போதும். லேப்டாப்பிலிருந்து அதற்கு மாறுவதில் கிடைக்கும் நிம்மதி, அதிலிருந்து 11,000 ரூபாய்க் கீபோர்டுக்கு மாறுவதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, உங்கள் கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே மில் ஆபீஸில் டேலி போடுகிறவருக்கு எண், அங்கே கோர்ட் எதிரே பெட்டிஷன் அடிக்கிறவருக்கு எழுத்து. இருவருக்கும் ஒரே கீபோர்டைப் பரிந்துரைக்கிறவர் இருவரின் வேலையையும் பார்க்காதவர். எழுத்து வேலை என்றால் நம்பர் பேடு இல்லாத சின்னதை வாங்குங்கள், மவுஸ் பக்கத்தில் வந்துவிடும். எண் வேலை என்றால் நம்பர் பேடைத் தனியாக வாங்கி இடது பக்கம் வையுங்கள். இடது கைக்கு எண் பழக ஒரு வாரம் போதும், வலது கைக்கு மவுஸ் மட்டும் மிஞ்சும். தமிழ் எழுத்துதான் பெரும்பாலான வேலை என்றால், அதற்கு முன்னால் தமிழ்99 பழகுங்கள். முக்கியமாக, பிரிந்த கீபோர்டு வாங்குவதானால் வ, ங இரண்டும் இடது பாதியில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒலிபெயர்ப்பில் இரண்டு விரலால் தட்டுகிறவருக்குப் பிளந்த கீபோர்டு வெறும் தொல்லை. கை விட்டுக் கை தாண்டும் பழக்கம் அதில் செல்லாது.

மூன்றாவதாகத்தான் வடிவம். பிரிவு, எதிர்ச் சரிவு, கூடாரம் மூன்றில் உங்கள் வலி எதைக் கேட்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் தட்டிப் பாருங்கள்.

வயர்லெஸ் கடைசி. வயர் இல்லாததால் மணிக்கட்டுக்கு ஒரு பலனும் கிடையாது. லெட்ஜர் விரிக்க வேண்டும், கீபோர்டைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும் என்றால் வசதி. மடியில் வைத்துத் தட்டுவதென்றாலும் வசதி. வாங்குவதானால் சாதாரண பேட்டரி போடுகிற வகையைப் பாருங்கள், எங்கள் தெருப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் பெருமை.

இவற்றுக்கெல்லாம் மேலே, முக்கால் மணிக்கு ஒருதரம் எழுந்திருங்கள். விரல் மரத்துப்போனால், ராத்திரி கை மரத்துத் தூக்கம் கலைந்தால், கீபோர்டு தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

என் கதையின் மிச்சம். வீட்டு மேசை மரம். ஆசாரியைக் கூப்பிட்டு நாலு காலிலும் பத்து செ.மீ. அறுத்துவிட்டேன். "நல்ல மேசையப் போயி அறுக்கச் சொல்றீங்களே தம்பி" என்று அவருக்கு வருத்தம். ஆபீஸில் இரும்பு மேசை. கீழே ஒரு இழுப்புப் பலகை மாட்டித் தரும்படி கேட்டேன். "ஒனக்கு மட்டும் எப்படிப்பா?" என்றார்கள். எனக்கு மட்டும் வேண்டாம், அளந்து பார்த்து யாருக்கெல்லாம் வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் என்றேன். பில்லிங்கில் இருக்கும் மூன்று பெண்களும் டேப்பைக் கையில் வாங்கித் தங்கள் உயரத்தைத் தாங்களே அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாலு பேர் கையெழுத்து. இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். போன வாரம் ஆசாரி வந்து நாலு மேசைக்கும் பலகை மாட்டிவிட்டுப் போனார். ஒரு மேசைக்குச் சேனல், பலகை, கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஆபீஸ் கணக்கில் எழுதினார்கள். எழுதியது நான்தான், பராமரிப்புச் செலவு என்று.

பில்லிங் அக்காவிடம் இப்போதும் பழைய வயர் கீபோர்டுதான் இருக்கிறது. தோள் இறங்கியிருக்கிறது. 11,000 ரூபாய்க் கீபோர்டை விற்பதா வைத்திருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன், அறுத்த மேசையில் வைத்து.